படித்துறை இல்லாத நீர்

கல் வெட்டும் பள்ளம் ஒவ்வொரு நாளும் குளமாக மாறத்தான் பார்க்கிறது. மழை மேலிருந்து இறங்குகிறது, நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் கசிகிறது. இரண்டையும் இரவு பகலாக இறைத்து வெளியே தள்ளினால்தான் மறுநாள் காலை ஆள் உள்ளே இறங்க முடியும். அதனால் எந்தக் குவாரியின் கதையிலும் பாதி, பம்பின் கதை. கல்லுக்கு விலை இருக்கும்வரை பம்பு ஓடும். விலை போன அன்று நிறுத்திவிட்டு, கழற்ற முடிந்ததைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு நடப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், நான்ட்லே பள்ளத்தாக்கில், டொரோத்தியா என்று ஒரு சிலேட்டுக் குவாரி உண்டு. 1820களில் வெட்டத் தொடங்கினார்கள். ஆழம் கூடக்கூட நீரும் கூடியது. நீர் இறைப்பதற்கென்றே 1904இல் ஒரு பெரிய நீராவி இயந்திரத்தை அங்கே நிறுவினார்கள். 1951 வரை அது ஓடியது, பிறகு மின்பம்புகள் வந்தன. 1970இல் குவாரி மூடப்பட்டது. இன்று அந்தப் பள்ளத்தில் சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கிறது. இயந்திரக்கூடம் கரையில் இருக்கிறது. வேலையாட்கள் நடந்த பாதைகளும் கட்டடங்களும் சுரங்க வாய்களும் நீருக்கு அடியில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் பல பத்தாண்டுகளாக முக்குளிப்பவர்கள் அங்கே போகிறார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை.

ஜொகூரின் தென்மேற்கு மூலையில், கெலாங் பாத்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இந்த ஊரில் சிலேட்டுக் குவாரி கிடையாது. ஆனால் மலேசியாவில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் வேலை நின்ற பள்ளத்தில் நிறைந்த நீர் புதிதல்ல. ஈயம் எடுத்த குட்டை, மணல் எடுத்த குட்டை, கருங்கல் எடுத்த குட்டை என்று ஏதாவது ஒன்றின் கரையில் நாம் எல்லோரும் ஒருமுறையாவது நின்றிருக்கிறோம். 'கிட்டப் போகாதே' என்ற அதட்டலைக் கேட்டிருக்கிறோம். கிட்டப் போயும் இருக்கிறோம்.

சிலேட்டும் நமக்கு அந்நியமில்லை. முந்தைய தலைமுறைகள் முதல் எழுத்தை எழுதியது அதன்மேல்தான். ஆந்திரத்தின் மார்க்காபுரத்தில் வெட்டிய கல், மரச்சட்டம் போட்டு, தமிழ்நாட்டுத் திண்ணைகள் வரை வந்தது. எச்சில் தொட்டு அழித்த அந்தக் கரும்பலகை எப்படி உண்டானது என்று பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அது சேறுதான். ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மென்சேற்றிலிருந்து வந்தது வேல்ஸின் சிலேட்டு. நிலம் நெருக்கப்பட்டு மலை எழும்பியபோது அந்தச் சேறு பக்கவாட்டில் நசுங்கியது. நசுங்கும்போது அதிலிருந்த நுண்ணிய மைக்காத் தகடுகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பிப் படுத்துக்கொண்டன. அதனால்தான் உளியை வைத்துத் தட்டினால் சிலேட்டு ஏடு ஏடாகப் பிரிகிறது. கூரைக்கும் பலகைக்கும் அதை ஏற்றதாக்கிய குணம் இதுதான். மூழ்கிய பள்ளத்தின் சுவர்கள் இன்றும் சரிந்துகொண்டிருப்பதற்குக் காரணமும் இதுதான். வேலை நின்றது பாறைக்குத் தெரியாது. வெயிலும் பனியும் மழையும் ஏடுகளுக்கு நடுவே புகுந்து வேலையைத் தொடர்கின்றன.

1898இல் வேல்ஸின் குவாரிகளில் சுமார் 17,000 பேர் வேலை செய்தார்கள். அந்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய 5 லட்சம் டன் சிலேட்டு வெளியே போனது. பாறை முகத்தில் வேலை செய்பவர் மேலே கட்டிய சங்கிலியைத் தன் தொடையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தொங்குவார். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், ஆகவே உயிரைத் தொடையில் கட்டிக்கொண்டார். கொட்டகையில் உட்கார்ந்து ஏடு பிரிப்பவருக்குத் தொங்கும் அபாயம் இல்லை. அவருக்குத் தூசி இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைத்தது. தூசியால் நோயுற்று, வழக்குப் போட முதலாளியே இல்லாமற்போன தொழிலாளருக்கு இழப்பீடு தரும் சட்டம் பிரிட்டனில் வந்தது 1979இல். டினோர்விக் என்ற மாபெரும் குவாரி மூடிப் பத்து வருடம் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்தபோது நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தோண்டியவர் போய்விட்டார், பள்ளமும் நோயும் தங்கிவிட்டன, பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை ஒரு நாடாளுமன்றம் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டது. நம் பக்கத்துக் குட்டைகளுக்கு இன்னும் யாரும் அப்படிக் கையெழுத்துப் போடவில்லை.

மூழ்கிய பள்ளத்துக்குள் மனிதர்கள் ஏன் இறங்குகிறார்கள்? வேலை வெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலில் முக்குளிப்பவர் மீனையும் பவளத்தையும் காண்கிறார். குவாரிக்குள் இறங்குபவர் காண்பது மனிதக் கை பட்டதை மட்டுமே. உளி விழுந்த தடம், தண்டவாளத்தின் மிச்சம், கூரையில்லாத ஒரு கொட்டகை, சுவரில் ஏறும் படிக்கட்டு. காற்று படாததால், அலை இல்லாததால், அவை கரையில் இருப்பதைவிட நீருக்குள் ஒழுங்காக இருக்கின்றன. கடைசி வேலைநாளுக்கு மறுநாள் அந்த இடத்துக்குள் நடந்து போகிற உரிமை உலகத்தில் இவர்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. உழைப்பு நடந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுவது அற்பமான ஆசை அல்ல.

ஆனால் அந்த நீர் கடல்நீர் போன்றது அல்ல. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது, உடலைத் தாங்குவது குறைவு. கடலில் பழகியவர் அதே ஈயக்கட்டிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினால் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கீழே போவார். மேற்பரப்பில் வெயில் சூடு இருக்கும். சில மீட்டர் இறங்கியதும் திடீரென்று வேறொரு நீர். வேல்ஸில் அடியில் கோடையிலும் ஐந்தாறு பாகைதான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரைத் தாண்டினால் சுவாசிக்கும் நைட்ரஜன் மூளையை மயக்கத் தொடங்கும், குடித்தவருக்கு வரும் துணிச்சல் வரும். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். டொரோத்தியாவின் சுவர் அந்த எல்லையில் நிற்பதில்லை. காலடியில் தரை இல்லாத இடத்தில், கண்ணாடி போன்ற நீரில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அது கூப்பிடுகிறது. அடியை எட்டிவிட்டாலும் ஆபத்து தீர்வதில்லை. ஐம்பது வருடமாகப் படிந்த சிலேட்டுத் தூள் ஒரு கால் அசைவில் எழும்பும். நொடியில் கை தெரியாது, விளக்கு தெரியாது, மேல் எது கீழ் எது என்பதும் தெரியாது. கட்டி வந்த நூல் கையில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பலாம்.

இதே மலைத்தொடரில் லான்பெரிஸ் ஊரை ஒட்டி விவியன் என்று இன்னொரு மூழ்கிய பள்ளம் இருக்கிறது. ஆழம் சுமார் 18 மீட்டர். பாறையில் வெட்டிய வளைவு வாசல் வழியாக அதற்குள் நுழையலாம். பல ஆண்டுகள் அங்கே முறையான முக்குளிப்பு மையம் இயங்கியது. இறங்க மேடை, ஏற வழி, கரையில் ஆள், பெயர் எழுதும் புத்தகம் எல்லாம் இருந்தன. 2021இல் இந்தச் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இரண்டு பள்ளங்களையும் ஒரே மாதிரி மனிதர்கள்தான் வெட்டினார்கள், ஒரே மழைதான் நிறைத்தது. ஒன்று ஊருக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டது. மற்றதை ஊர் கைவிட்டது. என் சிந்தனையெல்லாம் இந்த வேறுபாட்டைச் சுற்றியேதான் வருகிறது.

எங்கள் நீரிணைக்கு வருகிறேன். தெப்ராவ் நீரிணையின் மேற்கு முனைக்குப் பக்கத்தில் கெலாங் பாத்தா. கிழக்கு முனையில், சிங்கப்பூரின் எல்லைக்குள், புலாவ் உபின். சுமார் 10 சதுர கிலோமீட்டர் கருங்கல் தீவு. 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் 1855இன் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கும் கல் இந்தத் தீவிலிருந்து போனது. ராஃபிள்ஸ் விளக்கத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து முதல் கைதிக் கூட்டம் சிங்கப்பூரில் இறங்கியபோது அதில் இருந்த 80 பேரும் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். 1873 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், உபினில் கல் வெட்டினார்கள். நம் மக்கள் இந்த மண்ணுக்கு வந்த கதையை ரப்பர் தோட்டத்திலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அதற்கு இரண்டு தலைமுறை முன்பே, காலில் விலங்கோடு, கல்லில் தொடங்கியது அது.

பிறகு ஜொகூர் பாலம். 1919இல் தொடங்கி 1924இல் முறைப்படி திறந்தார்கள். அதைப் பாலம் என்று சொல்கிறோமே தவிர, கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை அது. கொட்டிய கல் புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வந்தது. விடியுமுன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், 1998இல் திறந்த இரண்டாம் பாலத்தில் போகாத நாள்களில் அந்தக் கல்லின் மேல்தான் போகிறார்கள். அந்தக் கல் எடுத்த இடம் இப்போது நீர். உபினின் கடைசிக் குவாரி 1999இல் மூடியது.

உபினில் உள்ள பெக்கான் குவாரியின் கரையில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது நிறம். நடுப்பகலில் பச்சை, மேகம் வந்தால் ஈயம். எதிர்ச் சுவரில் செங்குத்தான துளைத் தடங்கள், வெடிமருந்து வைக்கத் துளைத்தவற்றின் பாதி வட்டங்கள். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. அந்த ஒழுங்கில் ஒரு மனிதனின் கவனம் தெரிகிறது. அளந்து, குறியிட்டு, துளைத்து, அடுத்ததற்கு நகர்ந்திருக்கிறான். தடங்கள் நீர்க்கோட்டைத் தொட்டு அப்படியே உள்ளே இறங்குகின்றன. எங்கே நிற்கின்றன என்று மேலிருந்து சொல்ல முடியாது. நடுவே எஞ்சிய திட்டுகளின் மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. சுற்றிலும் வேலி, பார்ப்பதற்கு மேடை. நீரில் இறங்க அனுமதி கிடையாது. சிங்கப்பூர் இதைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் சொல்வேன். பள்ளத்துக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார், அவர் பெயர் பலகையில் இருக்கிறது.

வடக்கே போகப் போகக் காட்சி மாறுகிறது. கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் எடுத்த குட்டைகள் கணக்கில் அடங்காதவை. நீரைப் பீய்ச்சி மண்ணை உடைத்து, குழம்பை மேலே இறைத்து, பாலோங் என்ற நீண்ட மரத்தொட்டியில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள். மிதக்கும் கப்பல் போன்ற இயந்திரங்கள் குட்டையைத் தாங்களே வெட்டிக்கொண்டு முன்னால் போயின. 1938இல் கட்டிய அப்படி ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்னும் நிற்கிறது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் என்று நாம் சொல்லும் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பம்புகள் நின்றன.

அவற்றில் அழகாக்கப்பட்டவை உண்டு. தைப்பிங் ஏரித் தோட்டம் 1880இலேயே லம்பத்திலிருந்து எழுந்தது. சன்வேயின் நீர்விளையாட்டுப் பூங்கா ஈயப் பள்ளத்தில் இருக்கிறது. ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் எனப்பட்ட ஹோங் ஃபாட் லம்பம், இப்போது செரி கெம்பாங்கானில் விடுதியும் கடைத்தொகுதியும் சூழ்ந்த ஏரி. பணம் கண் வைத்த இடத்தில் நீருக்குக் கரை வந்தது, விளக்கு வந்தது, காவலாளி வந்தான். பணம் பார்க்காத இடத்தில், மலிவுவிலை வீடுகளுக்கும் புறம்போக்கு வீடுகளுக்கும் பின்னால், நீர் அப்படியே கிடக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்களும் பள்ளி விட்டதும் சட்டையைக் கழற்றுகிற பையன்களும் இந்த இரண்டாவது வகைக் கரையில்தான் இருப்பார்கள்.

2018ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் நீரால் அடைபட்ட 12 பையன்களையும் அவர்களின் பயிற்றுநரையும் முக்குளிப்பவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, பூச்சோங்கை அடுத்த தாமான் புத்ரா பெர்டானாவில், கைவிடப்பட்ட ஒரு லம்பக் குட்டையில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடித் தீயணைப்புத் துறையின் நீர்மீட்பு வீரர்கள் இறங்கினார்கள். மழை பெய்த இரவு. ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு இறங்கியிருந்தார்கள். திடீரென்று வலுத்த நீரோட்டம் அவர்களைச் சுழற்றி இழுத்தது. ஆறு பேர் இறந்தார்கள். மூத்தவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கயிற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மன்னார் வளைகுடா நினைவுக்கு வரும். முத்துக் குளிக்கவும் சங்கு குளிக்கவும் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான் என்று அந்தக் கரையோர ஊர்களில் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அவன் கவனம் சிதற மாட்டான் என்பது கணக்கு. கயிறு என்றாலே இரண்டு முனை. ஒரு முனையில் இறங்குகிறவன், மறுமுனையில் மேலே இருக்கும் பந்தம். பூச்சோங்கில் அந்த ஒரே கயிற்றில் ஆறு பேர் பிணைந்திருந்தார்கள்.

பொம்பா என்னும் தீயணைப்புத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் எங்கள் பக்கம் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். கெலாங் பாத்தா பெக்கானில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, குட்டையில் எப்படித் தேடுவார்கள் என்று அவரிடம் கேட்டேன். பேசுவதைவிடக் காட்டுவது அவருக்கு எளிதாக இருந்தது. தே தாரிக் கோப்பையை நகர்த்திவிட்டு, மேசையின் விளிம்பை இடதுகையால் பிடித்துக்கொண்டார். அதுதான் அடியில் கட்டிய கயிறாம். வலதுகையை நீட்டி, விரல்களை விரித்து, மேசைமேல் அரைவட்டமாக மெதுவாகத் துழாவினார். பிறகு இடதுகையை ஒரு சாண் நகர்த்தினார். மறுபடி அரைவட்டம்.

"வெளிச்சம் எடுத்துக்கிட்டுப் போக மாட்டீங்களா அண்ணே?"

"எடுத்துக்கிட்டுத்தான் போவோம். ஒண்ணும் தெரியாது தம்பி. தே மாதிரி இருக்கும் தண்ணி. நான் கண்ணை மூடிக்குவேன். திறந்து வச்சா மனசு எதையாவது பார்க்க ஆரம்பிச்சுடும். மூடிக்கிட்டா விரல் மட்டும் வேலை செய்யும்."

மரக்கிளை, வலை, டயர், சைக்கிள், உரச்சாக்கு. விரல் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு விலக்க வேண்டும். துணி பட்டால் நிற்க வேண்டும். அந்த நொடியில் என்ன தோன்றும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "சின்ன கையா இருந்தா வெளியே கொண்டு வர்ற வரைக்கும் பிடிச்சிருப்பேன். ஒப்படைக்கிற வரைக்கும் விட மாட்டேன்."

டொரோத்தியாவில் இறங்குபவரும் இந்த அண்ணனும் செய்வது ஒரே செயல் போலத் தோன்றலாம். ஒருவர் தெளிந்த நீரில் கைவிடப்பட்ட வேலையிடத்தைப் பார்க்கப் போகிறார். மற்றவர் கலங்கிய நீரில் அந்தக் கைவிடலின் விலையை எடுத்துவரப் போகிறார். முன்னவரை நான் குறை சொல்லவில்லை. பின்னவரைப் போன்றவர்கள் குட்டைக்குள் போக நேராதபடி செய்வது நம்மால் முடிகிற காரியம் என்று மட்டும் சொல்கிறேன்.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பார்த்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் அது என்பது மதுரைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் அங்கே தோண்டும்போதுதான் கிடைத்தார் என்பார்கள். அதாவது அதுவும் ஒரு குவாரிதான். ஒரு கட்டடத்துக்காக மண்ணை அள்ளியதில் உண்டான வெற்றிடம். ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. 1645இல் அதைக் குளமாக்கினார்கள். நான்கு பக்கமும் கருங்கல் படிகள் கட்டினார்கள். நடுவில் மண்டபம், வைகையிலிருந்து நீர் வர வழி, தைப்பூசத்தன்று தெப்பம். எடுத்த மண்ணுக்குப் பதிலாக ஊருக்கு ஒரு திருவிழா கிடைத்தது.

நம் குளம் வெட்டும் மரபில் மனிதன் ஏறி வரும் வழி முதலிலேயே கணக்கில் இருந்தது. படித்துறை, மாடு இறங்கும் சரிவு, மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கு. திருவாரூர்க் கமலாலயத்தைச் சுற்றி நடந்தால் எந்த இடத்தில் தவறி விழுந்தாலும் கைக்கு ஒரு படி எட்டும் தூரத்தில் இருக்கும் என்று தோன்றும். குவாரியில் யோசித்தது கல் ஏறி வரும் வழியை மட்டும்தான். சரிவுப்பாதையும் கம்பிவடமும் கல்லுக்காக இருந்தன. கல் தீர்ந்ததும் அவையும் போயின. இன்று ஒரு பையன் அதில் வழுக்கினால் நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர், கால் வைக்கத் தரை இல்லை, பிடிக்கப் பாசி. நீச்சல் தெரிந்தவனும் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்துப்போவான். கோடை விடுமுறை தொடங்கியதும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் கல்குவாரி குட்டையில் மூழ்கிய மாணவர்கள் என்ற செய்தி வரத் தொடங்கும். இரண்டு பேர், மூன்று பேர் என்று வரும், ஒருவர் விழ மற்றவர் காப்பாற்றப் போயிருப்பார். இங்கேயும் பள்ளி விடுமுறையில் அதே செய்திதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு.

அந்த நீர் பயனற்றது என்று யாரும் சொல்ல முடியாது. 2017 வறட்சியில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரை இறைத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் நகரத்துக்குக் கொடுத்தார்கள். 2019இல் மறுபடியும் அந்தக் குவாரிகளைத்தான் நாடினார்கள். சிலாங்கூரிலும் வறண்ட மாதங்களில் பழைய லம்பக் குட்டைகளின் நீரை ஆற்றில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருகாலத்தில் தொல்லை என்று இறைத்துக் கொட்டிய அதே நீரை இன்னொரு தலைமுறை குடிக்க இறைக்கிறது. குவாரிக்கு உரிமம் கொடுக்கும்போது எத்தனை டன் கல், எவ்வளவு உரிமப் பணம் என்று எழுதுகிறோம். பம்பு நிற்கப்போகும் நாளைப் பற்றியும் அந்தத் தாளில் இரண்டு வரி எழுதினால் என்ன? ஒரு பக்கச் சுவரையாவது சரித்துப் படி வெட்ட வேண்டும் என்றும், அதற்கான பணத்தை முதல் கல் வெளியே போகுமுன் கட்ட வேண்டும் என்றும் எழுதலாம். ஜொகூரில் இன்றும் கருங்கல் வெட்டுகிறார்கள். இந்தப் பள்ளங்களின் பம்புகளும் ஒருநாள் நிற்கும். அவற்றைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அவை ஓடிக்கொண்டிருக்கும் இப்போதுதான்.

இதை அந்த அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு உடன்பாடில்லை.

"படி வெட்டினா இறங்குவாங்க தம்பி. நீங்க வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். வேலி போடணும், உயரமா."

"வேலி இருக்கிற இடத்திலயும் ஓட்டை போட்டுப் போறாங்களே அண்ணே. போனவன் ஏறி வர என்ன வழி?"

"ஏறி வரப் படி வேணும்ங்கிறது சரி. ஆனா படியைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் மிதக்கத் தெரியணும்ல? ஒரு காலி எண்ணெய்ப் போத்தலைக் கயித்துல கட்டி வீசணும், குதிக்கக் கூடாதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்கூல்ல நீச்சல் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க முதல்ல."

எங்கே சொல்லிக்கொடுப்பது, எந்தத் தமிழ்ப்பள்ளியில் குளம் இருக்கிறது என்று கேட்டேன். பேருந்து வைத்து அழைத்துப் போகலாம், வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும், தானே வந்து கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். பெற்றோர் சங்கத்தில் யாரைப் பார்ப்பது, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகும், பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு அந்தப் பக்கம் போனது. படி வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை, வேலி வேண்டும் என்பதை அவரும் விடவில்லை. கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கியபோது, கடை ரசீதின் பின்பக்கத்தில் அவர் பள்ளிகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.